கழிமுகத்தில் மூழ்கிய எருமை வண்டி

கார்குழலி அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் சொல்வது குமிழிகளைத்தான். வண்டி மூழ்கியதை அவள் முழுதாகப் பார்க்கவில்லை. பின்பக்கம் தாழ்ந்தது, மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கியது, அவ்வளவுதான். பதினான்கு டன் இரும்பு இருந்த இடத்தில் எண்ணெய்ப் படலமும், உலையில் சோறு கொதிப்பதுபோல் பொங்கி வந்த குமிழிகளும் மட்டும் இருந்தன. கரையில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அதிகாரிகளில் ஒருவர் டீக் கோப்பையை உதட்டருகே கொண்டுபோனவர், அப்படியே வைத்திருந்தார். யாரும் கத்தவில்லை. கத்த வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. 'உள்ள ஜெனிஷ் கீறான்' என்ற ஒரே வாக்கியம் கார்குழலியின் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. வாய்க்கு மட்டும் வரவில்லை.

அது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. திருவொற்றியூரில் 'ஆழிவேல் இன்ஜினியரிங்' என்ற நிறுவனத்தில் வெல்டர். அன்றைக்கும் அங்கேதான் வேலை.

வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பகலவன் துறைமுகத்தில் சுமை இறக்கியவர். வீட்டில் ஒரே அலமாரி. மேல்தட்டில் சின்னப் புத்தர் சிலை, மற்ற தட்டுகளில் அவர் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிச் சேர்த்த புத்தகங்கள். மகள் டீச்சராக வேண்டும் என்பது அவர் கணக்கு. மகளோ பிளஸ் டூ முடித்ததும் தொழிற்பயிற்சி நிலையத்தில் போய் வரிசையில் நின்றாள். ஃபிட்டர் பிரிவு நிரம்பிவிட்டது, வெல்டிங்கில் இடம் இருக்கிறது என்றார்கள். சரி என்று சேர்ந்துவிட்டாள். பெரிய லட்சியமெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவள் கை நடுங்காத கை என்று. அண்ணாந்து படுத்துக்கொண்டு தலைக்கு மேலே பற்றவைப்பது என்றால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். பொறி கழுத்துக்குள் விழும். அவள் அசையாமல் செய்வாள். உடம்பும் ஒல்லி. பெரிய ஆட்கள் நுழைய முடியாத மூலையெல்லாம் அவளுக்கு வழிவிட்டது.

ஆழிவேலில் கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் செய்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் ராணுவத்துக்கு ஒரு வண்டி செய்துகாட்டும் வாய்ப்பு வந்தது. தரையிலும் ஓட வேண்டும், ஆற்றிலும் மிதந்து போக வேண்டும். உள்ளே பத்து வீரர்கள். குண்டு துளைக்கக் கூடாது. முதலில் இரண்டே இரண்டு செய்வது, சோதனையில் தேறினால் நூற்றுக்கணக்கில் செய்வது. காகிதத்தில் அவற்றின் பெயர்கள் பி-1, பி-2. ஷெட்டில் யாரோ, "தண்ணியில எறங்குற எரும மாதிரி கீது" என்றார்கள். அன்றிலிருந்து எருமைதான்.

அந்த இரும்பு வேறு ஜாதி இரும்பு. சூடுகாட்டாமல் பற்றவைத்தால் அப்போதைக்கு ஒட்டிக்கொள்ளும், மறுநாள் காலையில் மயிரிழையாய் விரிசல் விடும். அதனால் தேர்வு வைத்து ஆறு பேரைத்தான் அந்த வேலைக்கு எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பற்றவைத்த இணைப்பைத் தையல் என்பார்கள்; ஒரு தையலை முடித்ததும் பக்கத்தில் அந்த எண்ணைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். யார் போட்ட தையல் என்று எந்தக் காலத்திலும் தெரியும். கார்குழலியின் எண் பதினேழு. எருமையின் வயிற்றுப்பகுதித் தையல்கள் பெரும்பாலும் அவளுடையவை.

ஓட்டிப் பார்க்க ஜெனிஷ் வந்தான். குளச்சல்காரன், ராணுவத்தில் டாங்கி ஓட்டிவிட்டு வந்தவன், அவளைவிட மூன்று வயது இளையவன். அவன் பேச்சு ஷெட்டுக்கே வேடிக்கை. முதல் நாள் மத்தியானம் அவளிடம் வந்து, "யக்கா, குடிக்க வெள்ளம் உண்டா?" என்று கேட்டான். இவளுக்குப் புரியவில்லை. "வெள்ளமா? எங்க வந்துச்சு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஊர்ப்பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். அதற்குப் பிறகு தினமும் அவள் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "வெள்ளம் கீதுடா, வா" என்று கூப்பிடுவாள்.

முதலில் பி-1ஐ மணலிச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி ஓடியது, ஆனால் நம் ஊர் வெயிலுக்கு எஞ்சின் சூடேறிக்கொண்டே போனது. அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே தில்லியிலிருந்து குழு வருகிற தேதி முன்னால் வந்துவிட்டது. அடுத்த மாதம் நடக்க வேண்டிய தண்ணீர்ச் சோதனை, இந்த வெள்ளிக்கிழமையே என்றானது.

காத்திவாக்கம் பக்கம், கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற எண்ணூர்க் கழிமுகத்தில் சோதனை. காலை பத்து மணி. வண்டி செய்தவர்களில் ஆறு பேரைக் கூட்டிப்போனார்கள். கார்குழலி அதில் ஒருத்தி. பாதுகாப்புக்கென்று ராமதாஸ் என்ற மீனவரின் ஃபைபர் படகை அமர்த்தியிருந்தார்கள். வீரர்கள் உட்காருகிற இடத்தில் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஜெனிஷ் மட்டும் உள்ளே. மூடியை இழுத்துக்கொள்ளும் முன்னால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

எருமை அழகாக இறங்கியது. மிதந்தது. தன் கையால் தைத்த இரும்பு தண்ணீர்மேல் போவதை அவள் அதுவரை கண்டதில்லை. கரையில் கைதட்டினார்கள். நூறு மீட்டர் போய், வேகம் எடுத்து, இடப்பக்கம் திரும்பியது. எஞ்சின் சத்தம் இருமியது. நின்றது. அப்புறம்தான் அந்தக் குமிழிகள்.

முதலில் அசைந்தவர் ராமதாஸ்தான். யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்தார். இரண்டு ஆள் ஆழம், ஆனால் தண்ணீர் சாம்பல் கரைத்ததுபோல் கலங்கிக் கிடந்தது. உள்ளே போனால் தன் கையே தெரியாது. முதல் முறை வெறும் கையோடு வந்தார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை வர நேரமானது. வந்தபோது ஜெனிஷின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவன் முகம் ஊதா நிறத்தில் இருந்தது.

கரையில் அவன் வயிற்றை, மார்பை எல்லாம் அழுத்தி, வாய்வழியாகச் சேறும் தண்ணீரும் வந்து, கடைசியில் ஒரு மூச்சு வந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகு ராமதாஸ் மணலில் குந்திக்கொண்டு கார்குழலியை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா செஞ்சது இந்தப் பொட்டிய?"

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மேல மூடி ஒரு ஆளு பூர்ற அளவுக்குத்தாம்மா கீது. பின்கதவு தண்ணி அமுக்கிகினு தொறக்கவே இல்ல. மூட்டைக்குப் பதிலா பத்து ஆளு உக்காந்திருந்தா இன்னா பண்ணியிருப்பானுங்க?"

அவர் குற்றம் சொல்லும் குரலில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் அவளை உலுக்கியது.

மறுநாள் சனிக்கிழமை. தொழிற்சாலைக்குப் போனாள். வேலைப் பிரிவின் மேலாளர் அன்பரசன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். வண்டி இன்னும் ஆற்றுக்குள்தான் கிடந்தது. கிரேன்கூட வரவில்லை. ஆனால் அவருடைய மேசையில் ஒரு காகிதம் தயாராக இருந்தது.

"அடித்தையல் திறந்துக்கிச்சு கார்குழலி. பின்பக்க அடித்தையல் எல்லாம் பதினேழாம் நம்பர். விசாரணை முடியறவரைக்கும் நீ வர வேண்டாம்."

"சார், வண்டிய இன்னும் தூக்கவே இல்லியே சார். அதுக்குள்ள எப்டி சார்…"

"வேற எங்கேர்ந்து தண்ணி வரும்? நீயே சொல்லு."

வெளியே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. தன் தையல் பிரிந்து ஓர் ஆள் சாகக்கிடக்கிறான் என்பதை மனம் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் தைரியம் வரவில்லை. எந்தத் தையலில் கை தவறியிருக்கும் என்று ஒவ்வொன்றாக யோசித்தபடியே பஸ் ஏறினாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டது.

கணவன் அறிவு பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவனுக்கும் இரும்பு தெரியும். சொன்னதைக் கேட்டுவிட்டு, "எக்ஸ்ரே எல்லாம் எடுத்துதானே விட்டாங்க?" என்றான்.

"எடுத்தாங்க."

"மண்ணெண்ண டெஸ்ட்டு?"

"அதுவும்தான். தரம் பாக்குற நவ்ரீன் கூடவே நின்னா."

"அப்ப இன்னாத்துக்கு நீ இப்டி குந்திகினு கீற?"

"தண்ணி உள்ள பூந்துச்சேப்பா. எங்கியோ வயி இருந்துச்சில்ல?"

ஐந்து நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் எழில்மொழிக்குத் தலைபின்னும்போது பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஆறாம் நாள் ஜெனிஷுக்கு நினைவு திரும்பியிருப்பதாகத் தகவல் வந்தது. அரசு மருத்துவமனைக்கு ஓடினாள்.

வார்டு வாசலில் நர்ஸ் தடுத்தாள். "அஞ்சு நிமிஷந்தான். அவருக்கு இன்னும் தெளியல. வெள்ளம் வெள்ளம்னு புலம்பறாரு. கம்பெனிலேர்ந்து ஒருத்தர் வந்தாரு, அவரும் கேட்டுட்டு, 'வெள்ளம் வந்ததா உளர்றான்'னு எழுதிக்கினு போயிட்டாரு. அன்னிக்கு மழைகூட இல்லியே, ஏது வெள்ளம்?"

கார்குழலி நர்ஸைத் தாண்டி உள்ளே போனாள். மூக்கில் குழாய். உதடு வெடித்திருந்தது. அவளைப் பார்த்ததும் ஜெனிஷின் கண் அகன்றது.

"யக்கா… வெள்ளம்."

"குடிக்கவா?"

இல்லை என்று தலையை ஆட்டினான்.

"வண்டிக்குள்ள வந்த தண்ணியா? எங்கேர்ந்துடா வந்துச்சு? கீயேர்ந்தா?"

அவன் மெல்ல வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்தான். ஒரு விரலை மேலே காட்டினான்.

"மேல. பின்னுக்கு, மேல இருந்து கேறிச்சு. எஞ்சின் நின்னு. வெள்ளம் எறைக்குற பம்பும் நின்னு."

நிம்மதியில்தான் அவளுக்கு முதலில் அழுகை வந்தது. கீழே இல்லை. தன் தையல் இல்லை. நர்ஸ் கூப்பிட, எழுந்து வராந்தாவில் நடந்தாள். மாடிப்படியில் நாலு படி இறங்கியிருப்பாள். அங்கேயே நின்றுவிட்டாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். ஏறி வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பின்னுக்கு, மேலே. அங்கே என்ன இருக்கிறது? எஞ்சினுக்குக் காற்று போகும் சல்லடை. அந்தச் சல்லடையைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு நிறுத்திவைத்த தகடு; ஷெட்டில் அதைக் காலர் என்பார்கள். வண்டி மிதக்கும்போது பின்முதுகு தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் மேலேதான் இருக்கும். அலை முதுகில் ஏறினாலும் காலரைத் தாண்டி உள்ளே விழாது. அதற்காகத்தான் அந்தக் காலர்.

அந்தக் காலரை வெட்டி எடுத்தது யார்? கார்குழலிதான்.

சோதனைக்குப் பதினோரு நாள் முன்னால். எஞ்சின் சூடேறுகிறது, காலர் காற்றை மறைக்கிறது, அதைக் குறைக்க வேண்டும் என்று அன்பரசன் வந்து சொன்னார். "இப்போதைக்கு ரோட்டுலதானே ஓடப்போகுது. தண்ணி டெஸ்டுக்குள்ள வேற மாதிரி காலர் வந்துடும்." அவள் கட்டிங் டார்ச்சை எடுத்து, அவர் கோடு போட்டுக் கொடுத்த இடத்தில், இரண்டு விரல் விட்டுச் சுற்றிலும் வெட்டி எடுத்தாள். அரைமணி வேலை. அப்புறம் பி-2க்குப் போய்விட்டாள். சோதனை முன்னால் வந்தது. புதுக் காலர் வந்ததா என்று அவள் கேட்கவில்லை. ஆற்றங்கரையில் நின்று பார்த்தபோதும் முகப்பைத்தான் பார்த்தாள், முதுகைப் பார்க்கவில்லை. ஐந்து நாளாக வயிற்றுத் தையலையே எண்ணி எண்ணிப் பார்த்தவளுக்கு, முதுகில் தான் வெட்டியது ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

அப்படி எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறாள். அவளுக்குப் பெரிய அதிர்ச்சி வண்டி மூழ்கியதுகூட இல்லை, இந்த மறதிதான்.

அன்று சாயங்காலம் அறிவிடம் சொன்னாள். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து, "இத்த யாருக்கும் தெரியாதில்ல?" என்றான்.

"சீட்டு ஒண்ணும் குடுக்கல. வாயால சொன்னாரு."

"அப்ப டெஸ்ட்ட போடச் சொல்லு. கீய ஒயுங்கா கீதுன்னு தெரிஞ்சா நீ வெளிய வந்துருவ. அப்பால இத்த ஏன் நீயா போயி சொல்லிக்கிற? அவரு இல்லன்னு சொல்லிட்டா மாட்டிக்கறது நீதான்."

அவன் சொன்னதில் தப்பில்லை. வேலை போனால் வேறு இடத்தில் ராணுவ வேலை செய்த வெல்டர் என்ற பேர் போய், ஆளைக் கொல்லப் பார்த்தவள் என்ற பேர்தான் வரும்.

"பி-2 நிக்குதே அறிவு. அத்தயும் காலர் இல்லாமதான் கொண்டும்போவாங்க. தையல்தான் கோளாறுன்னு எய்திட்டா வேற எத்தப் பாப்பாங்க? அடுத்த வாட்டி மூட்டை வெக்க மாட்டாங்க, ஆளத்தான் வெப்பாங்க."

அறிவு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். "சரி. சொல்லிடு. நானும் லீவு போட்டுக்கினு கேட்டாண்ட நிக்கிறேன்."

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைமை ரமாபாய் என்ற மராட்டியப் பெண் அதிகாரி. தமிழ் தெரியாது. தரப் பரிசோதனைப் பிரிவின் நவ்ரீன், ராயபுரத்துக்காரி, கார்குழலி பேசுவதை இந்தியில் சொல்வதற்காகப் பக்கத்தில் நின்றாள். ஆற்றிலிருந்து தூக்கிவந்த எருமையை ஷெட்டின் நடுவில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். சேறு காய்ந்து வெடித்திருந்தது.

கார்குழலி கேட்டுக்கொண்டபடி மண்ணெண்ணெய்ச் சோதனை வைத்தார்கள். தையலின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவுவது. மயிரிழை ஓட்டை இருந்தாலும் வெள்ளையில் ஈரக்கறை தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் எல்லோரும் வண்டிக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தார்கள். வயிறு முழுக்க வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பதினேழு என்ற எண் மட்டும் ஆங்காங்கே தெரிந்தது.

நவ்ரீன் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "முடிஞ்சுது கார்கு. நீ போலாம்."

"இல்ல நவ்ரீன். இன்னும் ஒண்ணு கீது. அந்தம்மா கிட்ட சொல்லு." கார்குழலி ஏணியில் ஏறி வண்டியின் பின்முதுகில் நின்றாள். கீழே இருந்த எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். "தண்ணி இது வயியாத்தான் பூந்துது. இங்க ஒரு சாணுக்குக் காலர் இருந்துச்சு. அத வெட்டுனது நான்தான்."

நவ்ரீன் அதை இந்தியில் சொல்லவில்லை. ரமாபாய் இரண்டு முறை "என்ன சொன்னாள்?" என்று இந்தியில் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"யார் வெட்டச் சொன்னது?"

கார்குழலி அன்பரசனைப் பார்த்தாள். கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அன்பரசனுக்கு வேர்த்திருந்தது. "நான் அப்படிச் சொல்லவே இல்ல. சூடு குறையணும்னு பொதுவா பேசினது உண்மை. இவங்களா வெட்டியிருக்காங்க."

கெட்ட மனிதர் இல்லை அவர். கார்குழலியின் பிரசவத்தின்போது சட்டம் சொன்னதற்கு மேல் ஒரு மாதம் விடுப்பு வாங்கிக்கொடுத்தவர். அந்த வாயிலிருந்து அந்தப் பொய் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவளைக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. வண்டியின் மேல் நின்றபடியே யோசித்தாள். அவர் கோடு போட, தான் வெட்டிய தகடு எங்கே போனது? அப்போதுதான் ஞாபகம் வந்தது. குழாயடியில் சேறாகிறது என்று யாரோ ஒரு துண்டை எடுத்துப்போய்க் கால்வைக்கப் போட்டிருந்தார்கள். அவளே அதன்மேல் நின்று கை கழுவியிருக்கிறாள்.

"வாங்க," என்று இறங்கி முன்னால் நடந்தாள். குழுவும் பின்னால் வந்தது. குழாயடியில் குனிந்து, பாசிபிடித்த தகட்டை இரண்டு கையாலும் புரட்டினாள். மேல்பக்கம் தேய்ந்துபோயிருந்தது. அடிப்பக்கத்தில், மண்ணைத் துடைத்ததும், மஞ்சள் பெயின்ட் பேனாவில் போட்ட நேர்க்கோடு வெட்டுவாயை ஒட்டித் தெரிந்தது. கோட்டுக்கு மேலே தமிழில் எழுதியிருந்தது: 'ரெண்டு விரல் விட்டு வெட்டு.' பக்கத்தில் தேதி. தேதிக்குக் கீழே ஓர் 'அ', வால் நீண்டு சுழித்த 'அ'. ஷெட்டில் ஒவ்வொரு வேலைச்சீட்டிலும் எல்லோரும் தினமும் பார்க்கிற எழுத்து.

அன்பரசன் அங்கிருந்த சிமென்ட் திண்டில் உட்கார்ந்துவிட்டார். "நானே மறந்துட்டேன்," என்றார். "எழுதினேன்ங்கறதையே மறந்துட்டேன்." அது பொய்யாக இருந்திருக்காது என்று கார்குழலி நினைக்கிறாள். மறப்பது எவ்வளவு எளிது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

அடுத்த நாள் மத்தியானம் ஜெனிஷைப் பார்க்கப் போனாள். மூக்குக் குழாயை எடுத்திருந்தார்கள். இதை அவனிடம் சொல்லாமல் அவளால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்று தோன்றியது. கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டே சொன்னாள்.

"ஜெனிஷு, அந்தக் காலர வெட்டுனது நான்தான்டா."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். அவன் திட்டுவான், அழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"எனக்கு அறியாம் யக்கா," என்றான். தெரியும் என்பதை அவன் ஊரில் அப்படிச் சொல்வார்கள். "அன்னைக்கு ஏறச்சில நான் கண்டேன். காலர் இல்லன்னு அன்பரசன் சார்ட்ட கேட்டேன். அரமணிக்கூருதான, மெதுவா ஓட்டுன்னாரு. சரின்னு ஏறிட்டேன். தில்லிக்காரன் எல்லாம் இருக்கான்னு கொஞ்சம் வேகமும் எடுத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "எஞ்சின் சூடாவுதுன்னு திரும்பத் திரும்ப எழுதிக் குடுத்ததே நான்தான யக்கா. அதுக்குத்தான வெட்டினிய."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஏறும்போதே கண்டிருக்கிறான். கண்டும் அவளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். இத்தனை பேருக்கு ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு ஆள் 'நிறுத்து' என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

நாலு மாதத்தில் திட்டத்தையே கைவிட்டார்கள். காலர் மட்டும் காரணமில்லை. எடை அதிகம், பின்கதவு தண்ணீருக்குள் திறக்காது, பம்புகள் எஞ்சினை நம்பி ஓடுகின்றன என்று குழு பதினான்கு குறை எழுதியது. பி-1 துண்டுதுண்டாகப் பழைய இரும்புக்குப் போனது. பி-2க்கு எஞ்சின் வரவேயில்லை. நூற்றுக்கணக்கில் வரும் என்று போட்ட ஷெட்டில் மறுபடியும் டிரெய்லர்கள். அன்பரசன் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். ஜெனிஷ் குளச்சலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். படியேறினால் மூச்சு இரைக்கும் என்கிறான்.

கார்குழலியை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். கூடவே ஓர் எச்சரிக்கைக் கடிதம்: வேலைச்சீட்டு இல்லாமல் பாதுகாப்புப் பாகம் ஒன்றை வெட்டியதற்காக. உடன்வேலை செய்தவர்கள் கொதித்தார்கள். "உண்மையச் சொன்னதுக்கு இதுவா? கையெழுத்துப் போடாத" என்றார்கள். அவள் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "எய்தி இருக்கறது உண்மதானே?" என்றாள். இப்போது யார் எதை வெட்டச் சொன்னாலும், "சீட்டுல எய்திக் குடு சார்" என்கிறாள். சிலருக்கு அது எரிச்சல்.

போன வருஷம் நிர்வாகம் பி-2க்குப் பச்சைப் பெயின்ட் அடித்து நுழைவாயிலில் மேடைகட்டி நிறுத்தியது. பார்க்க வருகிறவர்களுக்குப் பெருமையாகக் காட்ட. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கார்குழலி அந்த வழியே போனாள். புதிதாகச் சேர்ந்த பொறியாளர் வினிதா, எர்ணாவூர்ப் பெண், இருபது விருந்தாளிகளுக்கு முன்னால் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்: "எண்ணூர் கழிமுகத்தில் வெற்றிகரமாக மிதந்து சாதனை படைத்த கவச வண்டி."

கார்குழலிக்கு முதலில் தப்பாகக் காதில் விழுந்ததாகத்தான் தோன்றியது. கிட்டே போய்ப் பலகையைத் தானே படித்தாள். அதேதான். ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"வினிதா, இது அந்த வண்டி இல்லம்மா. இது தண்ணியவே பாத்ததில்ல. மெதந்த வண்டி மூணு நிமிசத்துல முயுகிடுச்சு. உள்ள ஒரு ஆளு இருந்தான்."

வினிதாவின் கையிலிருந்த காகிதம் தாழ்ந்தது. விருந்தாளிகளில் ஒருவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்.

"நெசமாவாக்கா?" என்றாள் வினிதா. "எங்களுக்கு யாருமே சொல்லலியே."

கார்குழலி சொன்னாள். குமிழியிலிருந்து தொடங்கி, ராமதாஸ் கேட்ட கேள்வி, மருத்துவமனைப் படி, குழாயடித் தகடு என்று, தன் பங்கை ஒளிக்காமல், வெயிலில் நின்றுகொண்டே சொன்னாள். இருபது பேரும் நகரவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியது. மீஞ்சூர் பக்கத்துக்கு அனுப்ப வேண்டிய தண்ணீர்த் தொட்டி ஒன்று பாதித் தையலில் நின்றது. அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள்.

அடுத்த வாரம் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். வேறு பலகை இன்னும் வைக்கவில்லை.